மலைப்பூண்டும் கான்-ஏ ஜெல்லும்: லெக்டின் கொண்டு கிளைக்கோபுரதம் பிரித்தல்

இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய மூலப்பொருள் ஊட்டியின் காந்தல் கடைவீதியில் எந்தக் காய்கறிக் கடையிலும் கிடைக்கும். கால் கிலோ ஊட்டிப் பூண்டு போதும். முளைவிடாத, பல் கெட்டியாக உள்ள பூண்டாகப் பார்த்து வாங்குங்கள். மேட்டுப்பாளையம் மண்டியில் இதற்குத் தனி விலை உண்டு. ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஊட்டி 1 ரகம் கிடைத்தால் நல்லது. ரகத்தின் பெயர் தெரிந்தால் அதையும் குறிப்பேட்டில் எழுதலாம், அடுத்த ஆண்டு மாணவர் அதே ரகத்தை வாங்கி ஒப்பிட முடியும்.

பூண்டை நசுக்கியதும் எழும் நெடி அல்லிசினுடையது. அது முழுப் பல்லில் இருப்பதில்லை. பல் உடையும்போது அல்லினேஸ் என்ற என்சைம் அல்லின் என்ற சேர்மத்தைச் சந்தித்து அதை உண்டாக்குகிறது, கூடவே பைருவேட்டும் அம்மோனியாவும் வெளியாகின்றன. செஸ்டர் கவல்லிட்டோவும் ஜான் பெய்லியும் 1944-இல் அல்லிசினைப் பிரித்தெடுத்தார்கள். அதை உண்டாக்கும் இந்த என்சைம் ஒரு கிளைக்கோபுரதம், அதாவது சர்க்கரைச் சங்கிலி பூண்ட புரதம். பல்லில் உள்ள மொத்தப் புரதத்தில் சுமார் 10 சதவீதம் இதுவே என்பதால் கல்லூரி ஆய்வகப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான புரதம் கிடைப்பது அரிது. அளவு தாராளம், விலை மலிவு, இருக்கிறதா என்பதை மூக்கே சொல்லிவிடும்.

இதைப் பிடிக்க நாம் பயன்படுத்துவது கான்கனவாலின் ஏ, சுருக்கமாகக் கான்-ஏ. ஜாக் பீன் என்ற அவரை இனத்தின் விதையிலிருந்து வரும் லெக்டின், அதாவது சர்க்கரையைப் பிடிக்கும் புரதம், இது. நம் வாளவரைக்கு அந்தச் செடி நெருங்கிய உறவு. ஜேம்ஸ் சம்னர் 1919-இலேயே இதைப் படிகமாக எடுத்திருந்தார். பின்னாளில் அவருக்கு 1946-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வாங்கித் தந்த யூரியேஸ் என்சைமும் அதே விதையிலிருந்து வந்ததுதான். மானோஸ், குளுக்கோஸ் வகைச் சர்க்கரைகள் கான்-ஏயில் ஒட்டிக்கொள்ளும். அகரோஸ் மணிகளில் அதைப் பிணைத்து, கிளைக்கோபுரதங்களைத் தாங்கி நிறுத்தும் ஜெல்லாக மாற்றும் முறை 1970-இல் வெளிவந்தது.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வேலூரில் வேர் உண்டு. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு வேதியியல் ஆய்வகத்தில் பிமல் குமார் பச்சாவத்தின் குழு மூளையில் உள்ள அரைல்சல்ஃபடேஸ் ஏ என்ற என்சைமை ஆராய்ந்துவந்தது. அந்த என்சைம் குறைவதால்தான் குழந்தைகளின் நரம்பைத் தாக்கும் ஒரு பரம்பரை நோய் வருகிறது என்று 1963-இல் காட்டிய கட்டுரையில், அமெரிக்க நரம்பியலாளர் ஜேம்ஸ் ஆஸ்டினுடன் வேலூர்க்காரர்கள் பலரின் பெயர்களும் இருக்கின்றன. அரைல்சல்ஃபடேஸ் ஏ ஒரு கிளைக்கோபுரதம். கோழி மூளையிலிருந்து எடுத்த அதைக் கான்-ஏ கொண்டு அசையாமல் நிறுத்தும் முறையை அவர்கள் 1973-இல் வெளியிட்டார்கள். 1975-இல் பச்சாவத்தும் அவதேஷ சுரோலியாவும் சக ஆய்வாளரும் ஆமணக்கு லெக்டினைச் செஃபரோஸ் என்ற அகரோஸ் மணிகளில் பிணைத்து, கேலக்டோஸ் கொண்ட பெருமூலக்கூறுகளைப் பிரித்தார்கள். இறக்குமதிச் சாமான் எளிதில் கிடைக்காத காலம் அது. வாங்க முடியாததை விதையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தத் துணிவைத்தான் இந்த நூலைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரிடமும் எதிர்பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் அவர்களைப் பார்த்துச் செய்யக் கூடாது. ஆமணக்கு விதையில் லெக்டினோடு ரைசின் என்ற கொடிய நச்சும் இருக்கிறது. இரசாயன ஆயுத உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் பெயர் இடம்பெற்ற நச்சு அது. கல்லூரி ஆய்வகத்தில் ஆமணக்கு விதையை அரைக்கவே வேண்டாம். கேலக்டோஸ் லெக்டின் தேவைப்பட்டால் பலாக்கொட்டை இருக்கிறது, அதற்கு இந்த அத்தியாயத்திலேயே பின்னர் வருகிறேன்.

முதலில் பஃபர்

கான்-ஏ ஜெல் நிரப்பிய குழாயை ஓட்டித் தோற்றவர்களில் பெரும்பாலானோர் ஜெல்லைக் குறை சொல்வார்கள். என் கணிப்பில், கோளாறு ஜெல்லுக்கு முன்பே, பஃபர் கலக்கும் மேசையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பூண்டு விஷயத்தில் இது இரட்டிப்பு உண்மை. ஏனென்றால் அல்லினேஸுக்கு ஒத்துவரும் பஃபரும் கான்-ஏக்கு ஒத்துவரும் பஃபரும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

கான்-ஏயின் ஒவ்வொரு துணையலகிலும் ஒரு மாங்கனீசு அயனியும் ஒரு கால்சியம் அயனியும் உட்கார்ந்திருக்கின்றன. அவை இருந்தால்தான் சர்க்கரை பிடிபடும். அல்லினேஸ் எடுக்கும் பல செய்முறைகளில் ஈடிடிஏ சேர்க்கச் சொல்லியிருக்கும். அது இந்த அயனிகளைக் கவர்ந்துகொண்டு போய்விடும். பாஸ்பேட் பஃபரும் எழுதியிருக்கும். அதில் கால்சியம் வெண்படிவாக இறங்கி ஜெல்லை அடைக்கும். இரண்டையும் விட்டுவிடுங்கள். அப்படியானால் ட்ரிஸ் பஃபர் எடுக்கலாமே என்று தோன்றும். கான்-ஏக்கு ட்ரிஸ் பிரச்சினையில்லை. ஆனால் அல்லினேஸின் உயிர்நாடி பைரிடாக்சல் பாஸ்பேட், சுருக்கமாக பிஎல்பி. பிஎல்பியில் உள்ள ஆல்டிஹைடு, ட்ரிஸில் உள்ள அமினோடு சேர்ந்து ஷிஃப் பேஸ் ஆகிவிடும். என்சைமுக்கென்று நீங்கள் போடும் பிஎல்பியை ட்ரிஸ் பங்குபோட்டுக்கொள்ளும்.

ஆகவே இந்தப் பயிற்சிக்கு ஹெப்பஸ் பஃபர் எடுத்துக்கொள்வோம். ஹெப்பஸ் 20 மில்லிமோலார், பிஎச் 7.0, சோடியம் குளோரைடு 0.5 மோலார், கிளிசரால் 10 சதவீதம், பிஎல்பி 50 மைக்ரோமோலார். இதைச் சாறு பஃபர் என்று அழைப்போம். இதே பஃபரில் கால்சியம் குளோரைடும் மாங்கனீசு குளோரைடும் தலா 1 மில்லிமோலார் சேர்த்தால் குழாய் பஃபர். மாங்கனீசு குளோரைடை அன்றன்றைக்குச் சேருங்கள். பிஎச் 8-ஐ நெருங்கும் கரைசலில் அது காற்றுப் பட்டுப் பழுப்பாகும், பழுப்பான கரைசலை ஜெல்லில் ஊற்ற வேண்டாம். பிஎல்பி ஒளிபட்டால் சிதையும் என்பதால் குடுவையை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். உப்பு 0.5 மோலார் என்பது தாராளமாகத் தெரியலாம். கான்-ஏயும் ஒரு புரதம்தானே, அதன் மின்சுமையால் சர்க்கரையில்லாத புரதங்களும் வந்து ஒட்டும். அவற்றை அண்டவிடாமல் தடுக்கவே இவ்வளவு உப்பு.

பிஎச் சரிபார்க்கும்போது நம் ஊரின் குளிரை மறக்காதீர்கள். ட்ரிஸின் பிஎச் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.028 மாறும். 25 டிகிரியில் 7.4 என்று வைத்த ட்ரிஸ், காலை 15 டிகிரியில் இருக்கும் ஊட்டி ஆய்வகத்தில் 7.7-ஐ நெருங்கியிருக்கும். ஹெப்பஸின் மாற்றம் ஏறக்குறைய அதில் பாதிதான். எந்தப் பஃபரானாலும் அது வேலை செய்யப்போகும் வெப்பத்தில் வைத்தே பிஎச் மீட்டரை அளவுதிருத்துங்கள்.

சாறு எடுத்தல்

தோல் உரித்த பல் 50 கிராம். 100 மில்லி சாறு பஃபரை ஐஸில் குளிர வைத்து, மிக்ஸியில் பல்லையும் பஃபரையும் ஒன்றாகவே போட்டு, பத்து நொடி ஓட்டி, நிறுத்தி, மறுபடி பத்து நொடி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறும், நுரை பொங்கும், நுரையில் புரதம் கெடும். பல்லை முதலில் தனியாக நசுக்கிப் பிறகு பஃபர் ஊற்றுவதும் தவறு. நசுங்கிய பல்லில் அல்லிசின் செறிவாகக் கிளம்பி, புரதங்களின் தயோல் குழுக்களைத் தாக்க ஆரம்பித்துவிடும்.

மஸ்லின் துணியை நான்காக மடித்து வடிகட்டுங்கள். சாறு கொஞ்சம் கொழகொழப்பாக இருக்கும். பூண்டில் ஃப்ரக்டான் என்ற ஃப்ரக்டோஸ் சங்கிலி ஏராளம், கொழகொழப்பில் பெரும் பங்கு அதனுடையது. குளிர் சென்ட்ரிபியூஜில் 10,000 ஜியில் அரை மணி சுற்றி, தெளிந்த மேல்நீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தெளிந்த சாற்றை நேரே கான்-ஏ குழாயில் ஊற்றிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஊற்றக் கூடாது. சாற்றில் கரைந்திருக்கும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ் மூன்றும் கான்-ஏயின் பிடிக்குப் போட்டியாளர்கள். ஃப்ரக்டானின் நுனிகளும் ஓரளவு ஒட்டும். புரதம் வந்து சேரும்போது இடமெல்லாம் நிரம்பியிருக்கும், என்சைம் ஒட்டாமல் வழிந்தோடும், ஜெல் செத்துவிட்டது என்று முடிவுகட்டத் தோன்றும்.

எனவே அம்மோனியம் சல்ஃபேட் கொண்டு புரதத்தை வீழ்த்துங்கள். ஐஸில் வைத்துக் கலக்கிக்கொண்டே, உப்பைச் சிறிது சிறிதாகத் தூவி 70 சதவீதப் பூரிதச் செறிவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் சென்ட்ரிபியூஜ். மேல்நீரில் என்சைம் மிச்சமிருக்கிறதா என்று ஒரு துளி எடுத்துச் சோதித்த பிறகே அதைக் கொட்டலாம். அடியில் தங்கிய படிவை 10 மில்லி சாறு பஃபரில் கரைத்து, டயாலிசிஸ் உறையில் கட்டி, 1 லிட்டர் பஃபரில் குளிர்பெட்டியில் வையுங்கள். நான்கைந்து மணிக்கொருமுறை பஃபரை மாற்றி, மூன்றாவது மாற்றத்துக்குக் குழாய் பஃபரை ஊற்றுங்கள். உறைக்குள் நீர் புகுந்து உப்பும் என்பதால் கட்டும்போது மூன்றில் ஒரு பங்கு காலி விடுங்கள். முடிந்தபின் கலங்கல் ஏதும் தெரிந்தால் சென்ட்ரிபியூஜில் சுற்றித் தெளியவைத்த பிறகே ஜெல்லுக்குப் போக வேண்டும்.

என்சைமை அளக்கும் வழி

பைருவேட் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பதே அளவீடு. லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் வைத்து 340 நானோமீட்டரில் பின்தொடரும் முறை துல்லியமானது, செலவும் அதிகம். கல்லூரிக்கு டைநைட்ரோஃபீனைல் ஹைட்ரசீன் முறை போதும். காரம் சேர்த்ததும் வரும் பழுப்புச் சிவப்பை 520 நானோமீட்டரில் அளக்கலாம். இதிலும் பிஎல்பி குறுக்கிடும், அதன் ஆல்டிஹைடும் அதே வினைப்பொருளோடு சேரும். ஆகவே என்சைமை விட்டுவிட்டு, பஃபர் மட்டும் கலந்த வெற்று மாதிரி ஒன்று ஒவ்வொரு முறையும் கட்டாயம். டயாலிசிஸுக்கு முந்தைய சாற்றில் ஏற்கெனவே பைருவேட் நிறைய இருக்கும் என்பதால், அதன் அளவைப் பூஜ்ய நிமிடத்திலும் எடுத்துக் கழிக்க வேண்டும்.

வினைபடு பொருளான அல்லினை வாங்கினால் விலை கையைக் கடிக்கும். அதையும் பூண்டிலிருந்தே எடுக்கலாம். உரித்த பல்லை வெட்டாமல், கீறாமல், முழுதாகக் கொதிநீரில் போடுங்கள். பல் உடையாமல் வெந்தால் என்சைம் வெப்பத்தில் செத்துவிடும், அல்லின் அப்படியே தங்கும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளிச் செய்முறையில் பத்து நிமிடம் என்றிருந்தால் இங்கே பதினைந்து நிமிடம் வையுங்கள், பல்லின் நடுப்பகுதி வரை வெந்திருக்க வேண்டும். வெந்த பல்லை அரைத்து வடிகட்டினால் நெடியில்லாத சாறு கிடைக்கும். அதில் ஒரு துளி பச்சைச் சாறு விட்டதும் நெடி குப்பென்று எழும். வெப்பத்தில் என்சைம் செத்தது, அல்லின் பிழைத்தது என்ற இரண்டையும் மாணவர் ஒரே நொடியில் உணரும் இடம் இது. வகுப்பில் இதைத் தவறாமல் செய்துகாட்டுங்கள்.

குழாயில் ஏற்றுதல்

ஐந்து மில்லி கான்-ஏ அகரோஸ் போதும். பாதுகாப்புத் திரவத்தை வடித்துவிட்டு, 50 மில்லி குழாய் பஃபரால் கழுவுங்கள். புது ஜெல்லானாலும் ஒரு காரியம் செய்யாமல் என்சைமை ஏற்றாதீர்கள். வெறும் ஜெல்லில் நீக்குக் கரைசலை, அதாவது குழாய் பஃபரில் 0.2 மோலார் ஆல்ஃபா மெத்தில் மானோசைடு கரைத்ததை, 15 மில்லி ஓட்டி அந்த நீரைத் தனியே சேமியுங்கள். இதற்கு 'வெறுங்குழாய் நீர்' என்று சீட்டு ஒட்டுங்கள். இது ஏன் என்பது எஸ்டிஎஸ் ஜெல் ஓட்டும்போது விளங்கும். பிறகு குழாய் பஃபரால் சர்க்கரை முழுவதும் போகக் கழுவுங்கள்.

முழுச் சாற்றையும் பணயம் வைக்கும் முன் சிறு சோதனை ஒன்று. இரண்டு எப்பெண்டார்ஃப் குழாய்களில் தலா 100 மைக்ரோலிட்டர் ஜெல், தலா 200 மைக்ரோலிட்டர் டயாலிசிஸ் செய்த சாறு. இரண்டாவதில் மட்டும் 0.2 மோலார் வருமாறு மெத்தில் மானோசைடு சேருங்கள். அரை மணி நேரம் மெதுவாகப் புரட்டிவிட்டு, ஜெல்லை அடியில் இறக்கி, மேல்நீரில் என்சைமை அளவிடுங்கள். முதல் குழாயில் என்சைம் குறைந்து, இரண்டாவதில் குறையாமல் இருந்தால்தான் ஒட்டுவது சர்க்கரையால் என்று பொருள். இரண்டிலும் குறைந்திருந்தால் வேறெதனாலோ ஒட்டுகிறது. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். இது இல்லாமல் எழுதப்படும் லெக்டின் ஆய்வேட்டை நான் நம்புவதில்லை.

ஏற்றும்போது நிமிடத்துக்கு அரை மில்லிக்கு மேல் ஓடவிடாதீர்கள். கான்-ஏ நிதானமாகத்தான் பிடிக்கும், குளிரில் இன்னும் நிதானம். சாறு முழுதும் ஜெல்லுக்குள் இறங்கியதும் அடித்திருகை மூடி கால் மணி நேரம் நிறுத்துங்கள். வழிந்த நீரை மறுபடி ஒருமுறை ஏற்றலாம். பிறகு குழாய் பஃபரால் கழுவல். 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.02-க்குக் கீழே இறங்கும்வரை கழுவ வேண்டும். பிஎல்பிக்கும் அந்த அலைநீளத்தில் சிறிது உறிஞ்சல் உண்டு, அதே பஃபரை வைத்தே பூஜ்யம் அமையுங்கள்.

நீக்குவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். மெத்தில் மானோசைடை ஊற்றியதும் என்சைம் குபுகுபுவென்று வராது. ஒரு கிளைக்கோபுரதம் இரண்டு மூன்று இடங்களில் பிடிபட்டிருக்கலாம், எல்லாப் பிடியும் ஒரே சமயத்தில் விட வேண்டும். நீக்குக் கரைசல் ஐந்து மில்லி ஏற்றி, அடித்திருகை மூடி, அரை மணி நேரம் நிறுத்தி, பிறகு மெதுவாகச் சேகரியுங்கள். இப்படி மூன்று தடவை. கரைசலை 25 முதல் 30 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் குழாயையே தொட்டி அருகே மாற்றுங்கள். சமவெளியில் அறைவெப்பத்தில் செய் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பி, காலை ஒன்பது மணிக்கு ஊட்டியில் ஜன்னலோரம் குழாயை நிறுத்தினால் பாதி என்சைம் ஜெல்லிலேயே தங்கிவிடும். கிளிசராலும் பிஎல்பியும் இருப்பதால் இந்த வெப்பத்தை அல்லினேஸ் தாங்கும்.

அப்படியும் மிச்சம் ஒட்டியிருந்தால் சர்க்கரையை 0.5 மோலாருக்கு உயர்த்திப் பாருங்கள். பிஎச்சை இறக்குவதையும் போரேட் சேர்ப்பதையும் நூல்களில் பார்ப்பீர்கள். அமிலத்தில் அல்லினேஸ் சுருண்டுவிடும், இந்தப் பயிற்சிக்கு அது வேண்டாம். அதிகச் செறிவில் கான்-ஏ பிணைத்த ஜெல்லில் பிடிகள் கூடி, புரதம் விடுபடுவது கடினமாகிறது. ஜெல் வாங்கும்போது மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் லெக்டின் என்று போட்டிருப்பதில் பெரிய எண்ணைத் தேடாதீர்கள்.

ஜெல் காட்டும் பட்டைகள்

சேகரித்த பகுதிகளை டயாலிசிஸ் செய்து சர்க்கரையைப் போக்கிவிட்டு எஸ்டிஎஸ் ஜெல் ஓட்டுங்கள். மாதிரியைச் சூடாக்க 95 டிகிரி உலர்த் தொட்டி இருந்தால் சரி. கொதிநீரில்தான் வைப்பீர்களென்றால் நம் ஊர்க் கணக்குக்கு ஐந்து நிமிடத்தைப் பத்தாக்குங்கள். பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் மூலச்சாறு, வழிந்த நீர், நீக்கிய பகுதி, வெறுங்குழாய் நீர் என்று நான்கும் இருக்கட்டும்.

நீக்கிய பகுதியில் 50 கிலோடால்டன் சுற்றில் அடர்த்தியான பட்டை தெரியும். அது அல்லினேஸின் துணையலகு. என்சைம் இரண்டிரண்டாகச் சேர்ந்து இயங்குவது. கீழே 12 கிலோடால்டன் பக்கம் மற்றொரு பட்டையும் வரும். மாணவர்கள் பெரும்பாலும் இதைச் சிதைந்த துண்டு என்று எழுதிவிடுகிறார்கள். பூண்டுக்குச் சொந்தமாக ஒரு லெக்டின் உண்டு, அதுவும் மானோஸைப் பிடிப்பது. அல்லினேஸின் 146-ஆம் அஸ்பராஜினில் உள்ள சர்க்கரைச் சங்கிலி பற்றியும், பூண்டு லெக்டினோடு அது கூட்டுச்சேர்வது பற்றியும் 1995-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். நாம் ஜாக் பீன் லெக்டினால் செய்வதைப் பூண்டு தன் பல்லுக்குள்ளேயே செய்துகொண்டிருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சுரோலியா குழு 1998-இல் இந்தப் பூண்டு லெக்டின் உயர்மானோஸ் சங்கிலிகளைத் தேர்ந்து பிடிப்பதைக் காட்டியது. வேலூரில் தொடங்கியதன் தொடர்ச்சி அது.

ஆனால் 12 கிலோடால்டன் பட்டையைப் பார்த்ததும் பூண்டு லெக்டின் என்று பெயரிடுவதும் அவசரம். கான்-ஏ துணையலகு சுமார் 25.5 கிலோடால்டன். இயற்கையிலேயே அதன் ஒரு பகுதி நடுவில் வெட்டுண்டு 14, 11 கிலோடால்டன் அளவில் இரண்டு துண்டுகளாகவும் இருக்கும். கான்-ஏ நான்கு துணையலகுகளின் கூட்டணி. அகரோஸில் பிணைக்கப்பட்டவை அவற்றில் ஓரிரண்டுதான், மற்றவை அவற்றைப் பற்றிக்கொண்டு நிற்பவை. நாளடைவில் அவை கசியும். கசிந்த துண்டு பூண்டு லெக்டின் இருக்கும் இடத்திலேயே வந்து உட்காரும். இங்குதான் வெறுங்குழாய் நீர் தீர்ப்புச் சொல்கிறது. அந்தத் தடத்தில் 25-லும் அதற்குக் கீழும் பட்டைகள் இருந்தால் உங்கள் ஜெல் கசிகிறது. அந்தத் தடம் சுத்தமாக இருந்து, நீக்கிய பகுதியில் மட்டும் 12 தெரிந்தால் அது பூண்டினுடையது.

கிளைக்கோபுரதம்தானா என்று உறுதிசெய்ய பெர்அயோடிக் அமில ஷிஃப் சாயம் ஜெல்லின் மேலேயே போடலாம். ஃபீனால் கந்தக அமில முறையைக் கரைசலில் செய்யாதீர்கள். மிச்சம் ஒட்டியிருக்கும் மெத்தில் மானோசைடே ஆரஞ்சு நிறம் தந்து, உங்கள் புரதத்துக்கு இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும்.

கான்-ஏ குழாய் ஒன்றே புரதத்தைத் தூய்மையாக்கிவிடாது. மானோஸ் சங்கிலி உள்ள புரதமெல்லாம் சேர்ந்தே வரும். அல்லினேஸ் மட்டும் தனியே வேண்டுமென்றால் இதன் பிறகு ஜெல் வடிகட்டல் குழாய் ஒன்று ஓட்ட வேண்டும். அப்போதும் கூட்டுச் சேர்ந்த லெக்டின் பெரிய உருவோடு ஒட்டியே வரும் என்பதால் அந்தக் குழாயின் பஃபரில் மெத்தில் மானோசைடை வைத்தே ஓட்டுங்கள்.

வேறு லெக்டின்கள், நம் மலையிலிருந்தே

பூண்டைத் தவிர வேறு புரதத்துக்குப் போகும்போது முதலில் அதன் சர்க்கரை எது என்று கேளுங்கள், லெக்டினைப் பிறகு தேடலாம். மானோஸுக்குப் பட்டாணி லெக்டினும் உதவும். சங்கிலியின் அடியில் ஃப்யூகோஸ் இருந்தால் அதற்குக் கூடுதல் விருப்பம், பிடியும் கான்-ஏயைவிட இளக்கம், ஆகையால் நீக்குவது சுலபம். இதைக் காய்ந்த பட்டாணியிலிருந்து நீங்களே எடுக்கலாம். செஃபடெக்ஸ் மணிகள் குளுக்கோஸ் சங்கிலியால் ஆனவை என்பதால் பட்டாணிச் சாற்றை அதில் ஓட்டினாலே லெக்டின் ஒட்டிக்கொள்ளும், 0.2 மோலார் குளுக்கோஸ் ஊற்றினால் இறங்கிவிடும். இதை அகரோஸில் பிணைக்கும்போது கரைசலில் குளுக்கோஸோ மெத்தில் மானோசைடோ 0.1 மோலார் இருக்கட்டும், பிடிக்கும் பள்ளம் மூடப்பட்டுப் பாதுகாப்பாக இருக்கும். பிணைப்புக் கரைசலில் ட்ரிஸ் கூடாது, அதன் அமின் மணிகளை முந்திப் பிடிக்கும். சயனோஜன் புரோமைடை நீங்களே கையாளாதீர்கள், அது கொல்லும் நச்சு. செயலூட்டிய மணிகளை ஆயத்தமாக வாங்குங்கள்.

கேலக்டோஸ் என்றால் பலா. பர்லியாற்றுப் பக்கம் பலா காய்க்கும் காலத்தில் கொட்டைகளைக் காயவைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். இதன் லெக்டினான ஜகாலின், மனித இம்யூனோகுளோபுலின் ஏயின் முதல் வகையைப் பிடித்து இரண்டாம் வகையை விட்டுவிடும். இதற்குக் கால்சியமும் வேண்டாம், மாங்கனீசும் வேண்டாம், பாஸ்பேட் பஃபரிலேயே ஓட்டலாம். கேலக்டோஸைப் பிடிக்கும் லெக்டின்களைச் சுத்தம் செய்ய, கொத்தவரை விதையின் குவார் பிசினைக் குறுக்கிணைத்து மணியாக்கும் மலிவான வழி 1970-களிலேயே வந்துவிட்டது.

ஃப்யூகோஸுக்கு ஊட்டியைச் சுற்றி மஞ்சள் பூ பூத்து நிற்கும் கோர்ஸ் முட்புதர் இருக்கிறது. ஆங்கிலேயர் கொண்டுவந்து, இன்று புல்வெளிகளை விழுங்கிவரும் களை அது. அதன் விதை லெக்டின் ஓ வகை ரத்தத்தை இனங்காணும் வினைப்பொருளாக உலகெங்கும் ஆய்வகங்களில் இருக்கிறது. பிடுங்கி எறியும் களையின் விதையில் ஒரு ஆய்வகத்துக்கு வேண்டிய பொருள் இருப்பதை மாணவர்கள் அறிய வேண்டும். விதை சேகரிக்க வனத்துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், விதையைக் கீழே சிந்தாதீர்கள்.

ஜெல்லைக் காப்பது

வேலை முடிந்ததும் ஜெல்லை 0.5 மோலார் உப்புடன் பிஎச் 8.5 பஃபராலும் பிஎச் 4.5 பஃபராலும் மாற்றி மாற்றி மூன்று சுற்று கழுவி, உடனே குழாய் பஃபருக்குத் திருப்புங்கள். கால்சியம், மாங்கனீசு, 1 மோலார் உப்பு கொண்ட பிஎச் 6 அசிடேட் பஃபரில் 4 டிகிரியில் வையுங்கள். உறையவிட்டால் மணிகள் உடையும். டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் வெப்பமூட்டாத அறையின் ஜன்னல் மேடையில் குழாயை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பாதுகாப்புக்குச் சேர்க்கும் தைமெரோசால் பாதரசச் சேர்மம். கழுவிய நீரைத் தொட்டியில் கொட்டாமல் பாதரசக் கழிவுக் குடுவையில் சேருங்கள். குழாயின் மேல் ஒட்டும் சீட்டில் தேதி, எத்தனையாவது ஓட்டம், கடைசி வெறுங்குழாய் நீரில் கசிவு இருந்ததா, பூண்டுக்கு மட்டும் பயன்பட்டதா என்ற நான்கையும் எழுதுங்கள். பூண்டு ஓட்டிய ஜெல்லில் நெடி எளிதில் போகாது, அதை ரத்தச் சீரத்துக்கோ முட்டை வெள்ளைக்கருவுக்கோ எடுக்காமல் தனியே ஒதுக்கி வையுங்கள்.